பத்து டயரையும் மாற்றுவதற்கு முன்

கேள்வி: ராசிபுரம் பக்கம் ஊர். சொந்தமாக இரண்டு பத்துச் சக்கர லாரி ஓடுகிறது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், 28 டன். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் புனே போகும், அங்கிருந்து காலியாக நாசிக் போய் வெங்காயம் ஏற்றித் திரும்பும். ஒரு வண்டி லிட்டருக்கு 4.1 கிலோமீட்டர் கொடுக்கிறது. இன்னொன்று 3.6-ஐத் தாண்டவில்லை. குறைவாகக் கொடுக்கும் வண்டியில் முன்னால் ரேடியல், ஹவுசிங்கில் (எஞ்சின் சுற்றும் பின் ஆக்சில்) நான்கும் நைலான் லக் (பெரிய ரப்பர் கட்டைகள் உள்ள நைலான் டயர்), டம்மியில் (சும்மா உருளும் பின் ஆக்சில்) நான்கும் ரேடியல் ரீசோல் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது). பத்தையும் டீசல் மிச்சப்படுத்தும் டியூப்லெஸ் ரேடியலாக மாற்றினால் 8 சதவீதம் மிச்சம் என்கிறார் டயர் கடைக்காரர். அந்த வண்டியின் டிரைவர் என்னைவிட ரொம்ப மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "டயர்ல ஒண்ணும் இல்ல தம்பி, வண்டியே அப்படித்தான்" என்கிறார். மைலேஜ் காட்டுவதற்காகத் தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார் என்று கிளீனர் சொல்கிறான். டயருக்குப் பணம் போடட்டுமா, டிரைவரை மாற்றட்டுமா? நைட்ரஜன் அடித்தால் பலன் உண்டா?

பதில்: நீங்கள் கடைசியில் எழுதிய விஷயத்தை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். தொப்பூரில் நியூட்ரல் இந்த நடையோடு நிற்க வேண்டும். டயர் கணக்கு அடுத்த வாரம் பார்த்தாலும் கெட்டுப் போகாது.

உங்கள் வண்டி வெங்காய லோடோடு தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போதுதான் அந்தக் கணவாய் வருகிறது. இரட்டைப் பாலத்துப் பக்கம் எத்தனை வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றிருக்கின்றன என்பது நம் பக்கத்து லாரிக்காரர் எல்லோருக்கும் தெரியும். 28 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வண்டியை ஏழு முறை அடுத்தடுத்து முழுசாக நிறுத்தும் சக்திக்குச் சமம். அதில் ஒரு பகுதியை டயரும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். கியரில் இருந்தால் எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் பெரும் பங்கை வாங்கும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் டிரம்முக்குப் போகிறது. டிரம் சூடாகி விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். டிரைவர் மிதித்துக்கொண்டேதான் இருப்பார், வண்டி நிற்காது. அந்த நேரத்தில் திரும்பக் கியர் போடலாம் என்றால், அந்த வேகத்தில் கியர் விழாது. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசரும் நின்றுவிடும்.

இவ்வளவு ஆபத்தையும் தலையில் போட்டுக்கொண்டு மிச்சம் பிடிக்கும் டீசல் எவ்வளவு? செங்குத்து இறக்கத்தில் ஒன்றும் இல்லை. கியரில் இருந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, பம்ப் டீசலை முழுசாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் இருந்தால்தான் எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளக் குடித்தாக வேண்டும், மணிக்கு ஒன்றரை இரண்டு லிட்டர் கணக்கில். சமவெளியில் வரும் சிறு சரிவில் நியூட்ரல் கொஞ்சம் தள்ளிக்கொண்டு போகும், சில சொட்டு மிச்சமாகலாம், அதை நான் மறுக்கவில்லை. அங்கே பழகிய கை கணவாயிலும் அதையே செய்கிறது என்பதுதான் சிக்கல். ஆகவே எங்கேயும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி 4.1, 3.6 கணக்கு. வருடத்துக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதாகவும் டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், இந்த அரைக் கிலோமீட்டர் வித்தியாசம் வருடத்துக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். தூக்கம் கெடுவது நியாயம்தான். ஆனால் அந்த வித்தியாசம் முழுக்க உண்மையா என்று முதலில் பாருங்கள். கிலோமீட்டர் மீட்டர் சக்கரச் சுற்றை எண்ணித்தான் தூரம் காட்டுகிறது. புது டயரில் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர், 16 மில்லிமீட்டர் ஆழம் என்றால், தேய்ந்த டயரில் மூன்று நான்கு. ஆரம் அரை மீட்டர் உள்ள சக்கரத்தில் இது இரண்டரை சதவீதம். ஹவுசிங்கில் தேய்ந்த டயர் ஓடும் வண்டி ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும், 4.0 கொடுக்கும் வண்டி 4.1 கொடுத்ததாகத் தெரியும். உங்கள் நல்ல வண்டியில் அந்த டயர்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கடிதத்தில் இல்லை. மீட்டரை விடுங்கள், இரண்டு வண்டிக்கும் போனில் உள்ள மேப் காட்டும் தூரத்தையே எடுங்கள். டீசலை ஒரே பங்க்கில் டேங்க் நிரம்ப அடித்து, திரும்பி வந்து அதே பங்க்கில் நிரம்ப அடித்து எழுதுங்கள். எடைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். இரண்டு டன் கூடுதலாக ஏற்றிப் போன வண்டியை ஏற்றாத வண்டியோடு ஒப்பிடுவது டிரைவருக்குச் செய்யும் அநியாயம்.

அதன்பிறகு இரண்டு டிரைவர்களையும் வண்டி மாற்றி அனுப்புங்கள், இரண்டு நடைக்கு. குறைந்த மைலேஜ் அண்ணனோடு அடுத்த வண்டிக்குப் போனால் காரணம் ஓட்டும் விதம். பழைய வண்டியிலேயே தங்கிவிட்டால் அண்ணன் சொன்னது சரி, வண்டியே அப்படித்தான். பாதி பாதி என்று வரவும் வாய்ப்பு உண்டு. என் அனுபவத்தில் அதுதான் அதிகம். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் டயருக்கு இரண்டரை லட்சம் போடுவதையும், ஒரு மூத்த டிரைவரை அனுப்புவதையும் நான் ஏற்க மாட்டேன்.

டயரில் ஒன்றும் இல்லை என்று அண்ணன் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நம் ஊர் லாரிக்கு டயர் மிகப் பெரிய விஷயம். அமெரிக்காவில் லாரி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அங்கே டீசலை அதிகம் தின்பது எதிர்க்காற்று. நம்முடையது மெதுவாகவும் பாரமாகவும் போகிறது. 28 டன் வண்டியை நல்ல ரேடியல் டயரில் உருட்ட மட்டும் சுமார் 170 கிலோ இழுவை வேண்டும். அதே வண்டி 60-ல் போகும்போது எதிர்க்காற்று சுமார் 115 கிலோ. அதாவது தட்டையான ரோட்டில் டயர்தான் முதல் செலவு. எஞ்சின் வீணாக்கும் சூட்டையும் ஏற்றம், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், நீங்கள் அடிக்கும் டீசலில் மூன்றில் ஒரு பங்கு டயரை உருட்டவே போகிறது என்று தோராயமாகச் சொல்லலாம். இதிலிருந்து வரும் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். டயரின் உருள் தடை, அதாவது உருட்டத் தேவைப்படும் இழுவை, 10 சதவீதம் குறைந்தால் டீசல் 3 சதவீதம் குறையும்.

டயர் ரோட்டில் படும் இடத்தில் அமுங்கி, விலகியதும் நிமிர்கிறது. அமுங்கும்போது வாங்கிய சக்தியை நிமிரும்போது முழுசாகத் திருப்பித் தருவதில்லை, மீதி சூடாகப் போகிறது. நைலான் டயரில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போவதால் அமுங்கும்போதெல்லாம் அடுக்கோடு அடுக்கு உரசுகிறது. பக்கச் சுவர், பட்டன் எல்லாம் சேர்ந்து நெளிகிறது. ரேடியலில் கம்பி நேராகக் குறுக்கே ஓடி, பட்டனுக்கு அடியில் இரும்பு பெல்ட் கெட்டியாக நிற்கிறது. நெளிவது பெரும்பாலும் பக்கச் சுவர் மட்டும். லக் பட்டனின் பெரிய ரப்பர் கட்டைகள் தனித்தனியாக நெளிவதால் இன்னும் கூடுதல் சூடு. உங்கள் ஹவுசிங்கில் நைலான், லக் என்ற இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

கடைக்காரர் சொன்ன 8 சதவீதத்துக்கு வருவோம். மேலே சொன்ன கணக்குப்படி டீசலில் 8 சதவீதம் குறைய வேண்டுமென்றால் பத்து டயரின் உருள் தடையும் சேர்ந்து கால் பங்குக்கு மேல் குறைய வேண்டும். பத்தும் நைலானாக ஓடும் வண்டிக்கு அது நடக்கும், அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் வண்டியில் ஆறு டயர் ஏற்கெனவே ரேடியல். ரேடியலை எடுத்துவிட்டு இன்னொரு ரேடியல் போட்டால் கால் பங்கு குறையாது.

ஹவுசிங் நான்கை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். நைலான் லக் ஒரு டன்னுக்கு எட்டரை கிலோ இழுவை கேட்கிறது, நல்ல ரேடியல் ஆறு கிலோ கேட்கிறது என்று வைப்போம். ஹவுசிங்கில் பத்தரை டன் உட்கார்ந்திருந்தால் 26 கிலோ இழுவை குறைகிறது. வண்டியின் மொத்த உருள் தடையில் இது 13 சதவீதம். டீசலில் 4 சதவீதம். 3.6 கொடுக்கும் வண்டிக்கு வருடத்துக்கு 1,100 லிட்டர், ஒரு லட்சம் ரூபாய். நான்கு ரேடியல் டயரின் விலையும் சுமார் அதுதான். பத்தையும் மாற்றிக் கிடைக்கும் பலனில் பெரும் பகுதி இந்த நான்கிலேயே கிடைத்துவிடுகிறது. நைலான் தேய்ந்து முடியும் வரை காத்திருங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பட்டன் பாதிக்கு மேல் இருந்தால் செங்கல், மணல் ஓட்டுகிறவர்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வேலைக்குத்தான் அந்த டயர் பொருத்தம்.

புதிதாக வாங்கும்போது கடைக்காரரிடம் மிச்ச சதவீதத்தைக் கேட்காதீர்கள். "டன்னுக்கு எத்தனை கிலோ உருள் தடை" என்று கேளுங்கள். டயர் கம்பெனிகளிடம் இந்த எண் இருக்கிறது. உருள் தடை, ஈர ரோட்டில் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் மத்திய அரசு 2022-ல் வரம்பு வைத்து விதி கொண்டுவந்தது. லாரி, பஸ் டயர்கள் அதில் சி3 என்ற வகை. ஐரோப்பாவில் விற்கும் லாரி டயரின் முத்திரையில் டன்னுக்கு 4 கிலோவும் அதற்குக் குறைவும் ஏ, 5 வரை பி, 6 வரை சி என்று போகும். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்குமே நட்சத்திர முத்திரை, அது டயருக்கும் வந்திருக்கிறது. எண்ணைச் சொல்ல முடியாமல் சதவீதம் மட்டும் சொல்லும் டயருக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். எண் இருந்தால் கூடுதல் விலைக்கு ஒரு எல்லை கட்டலாம். உருள் தடை 10 சதவீதம் குறைந்தால் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குச் சுமார் 800 லிட்டர் மிச்சம். பத்து டயருக்குப் பிரித்தால் ஒரு டயருக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. டயருக்கு மூவாயிரம் கூடக் கேட்டால் கொடுங்கள். பத்தாயிரம் கேட்டால் வேண்டாம். அந்த டயர் மற்றதைவிடச் சீக்கிரம் தேயாது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். உருள் தடையைக் குறைக்கப் பட்டன் ஆழத்தைக் குறைத்திருந்தால் லாபம் அங்கே போய்விடும்.

முன்னால் ரிப் டயர் (சுற்றுவாக்கில் நேர் வரிப் பட்டன்), அதில் மாற்றம் வேண்டாம். டம்மி ஆக்சில் வண்டியைத் தள்ளுவதில்லை, சும்மா உருள்கிறது; அங்கேயும் ரிப்தான் சரி. ஹவுசிங்குக்கு மட்டும் பிடிப்பு தேவை. நீங்கள் போவது முழுக்க நெடுஞ்சாலை, மார்க்கெட் யார்டு என்பதால் செமி லக் போதும். முழு லக் மண் ரோட்டுக்கும் குவாரிக்கும் உரியது. ஒரே ஆக்சிலில் நைலானும் ரேடியலும் கலந்து போடும் பழக்கம் நம் பக்கம் அவசரத்துக்கு நடக்கிறது. ஸ்டெப்னி நைலானாக இருப்பதுதான் காரணம். ஸ்டெப்னியையும் ரேடியலாக்கிவிடுங்கள்.

ரீசோல் பற்றிக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நாமக்கல்லைச் சுற்றி இருக்கிறவருக்கு அந்த எண்ணம் வேண்டியதில்லை. நல்ல ரேடியல் கேசிங்கில் (பட்டன் நீங்கலான டயர் உடல்), குளிர் முறையில், ரிப் பட்டன் போட்ட ரீசோல் டம்மியில் தாராளமாக ஓடும். பட்டன் ரப்பரிலும் உருள் தடை குறைந்த வகை கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். முன் டயருக்கு மட்டும் ரீசோல் ஒருபோதும் வேண்டாம்.

டியூப்லெஸ் நல்ல டயர். டியூப், பிளாப் உரசல் இல்லை, சூடு குறைவு, பஞ்சரானாலும் காற்று மெதுவாக இறங்கும். ஆனால் 20 அங்குல டிஸ்க்கை எடுத்துவிட்டு 22.5 அங்குலத்துக்குப் பத்தும் மாற்ற வேண்டும். டீசலுக்காக மட்டும் அந்தச் செலவை ஓடும் வண்டியில் செய்யாதீர்கள். அடுத்த வண்டி எடுக்கும்போது டியூப்லெஸ்ஸாகவே எடுங்கள்.

புது டயர் போட்ட முதல் மாதம் மைலேஜ் குறைந்தால் பயப்பட வேண்டாம். ஆழமான புதுப் பட்டன் அதிகம் நெளியும், ஆகவே உருள் தடை கூடுதல். மீட்டரும் முன்பு போல் கூட்டிக் காட்டாது. தேயத் தேயக் கணக்கு நல்லபடியாகும். இதைத் தெரியாமல் இரண்டே நடையில் "புது டயர் மோசம்" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் காற்று சரியாக இருந்தால்தான். இதைத்தான் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்கிறேன். டயர் சர்வீஸ் வேலையில் லாரி டயரைக் கழற்றும்போதெல்லாம் கண்ணில் படுவது, பின் ஜோடிகளின் உள் டயரில் காற்றுக் குறைவு. காற்றழுத்தம் வெளி டயரில் 120 பிஎஸ்ஐ இருக்கும், உள்ளே 80 இருக்கும். உள் டயரின் வால்வு கைக்கு எட்டாது, பஞ்சர் கடைப் பையன் வெளியே அடித்துவிட்டுப் போய்விடுவான். டிரைவர் லிவரால் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிப்பார் என்பார்கள். முழுசாக இறங்கிய டயரைத் தட்டிக் கண்டுபிடிக்கலாம். 20 பிஎஸ்ஐ குறைந்த டயரைக் காதால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. எல்லா டயரிலும் 10 பிஎஸ்ஐ குறைந்தால் டீசலில் ஒரு சதவீதம் போகும். டீசலைவிடப் பெரிய நஷ்டம் கேசிங். சூட்டில் கேசிங் வெந்துவிட்டால் ரீசோலுக்கு எடுக்க மாட்டார்கள், ரோட்டிலும் வெடிக்கும்.

உள் டயர் வால்வுகளுக்கு நீட்டுக்குழாய் போட்டு வெளியே கொண்டுவாருங்கள், நான்கு ஜோடிக்கும். வண்டியில் ஒரு நல்ல கேஜ் இருக்கட்டும். நடை கிளம்பும் முன், வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, பத்தையும் ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பதை டயர் கம்பெனியின் லோடு அட்டவணையில் பாருங்கள். முன் டயர் ஒவ்வொன்றும் மூன்றரை டன் வரை தாங்குகிறது, பின்னால் ஒவ்வொன்றும் இரண்டரை டன் சொச்சம், ஆகவே இரண்டுக்கும் ஒரே அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டாம். ஓடி வந்த சூட்டில் 15, 20 பிஎஸ்ஐ ஏறித்தான் காட்டும். "காத்து ஜாஸ்தி, வெடிச்சிரும்" என்று சித்ரதுர்கா வெயிலில் நிறுத்திக் காற்றை இறக்கிவிடுவது மிகப் பரவலான தவறு. இறக்கிய டயர் குளிர்ந்ததும் குறைவாக நிற்கும், அடுத்த ஓட்டத்தில் இன்னும் சூடாகும். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது.

ஜோடி டயர்கள் சம உயரமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் புதுசு, பக்கத்தில் தேய்ந்தது என்று போட்டால் விட்டத்தில் அரை அங்குல வித்தியாசம் சுலபமாக வந்துவிடும். இரண்டும் ஒரே ஹப்பில் சுற்றுகின்றன. உயரம் குறைந்தது ஒரு சுற்றுக்கு நான்கு சென்டிமீட்டர் குறைவாகப் போக வேண்டியது, மற்றதோடு சேர்ந்து போயாக வேண்டும். கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ரோட்டில் இழுபட்டே போகிறது. ரப்பரும் போகிறது, டீசலும் போகிறது.

அண்ணன் சொல்வது போல வண்டியே அப்படி என்றால் முதலில் மூன்று இடம் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதற்கு, பிரேக் அதிகம் போடாமல் இருபது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, எந்த ஹப் மற்றதைவிடச் சூடு என்று பாருங்கள். தொடாமல் சூடு பார்க்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பின் ஆக்சில்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று அலைன்மென்ட் கடையில் அளந்து பாருங்கள். முன் சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். யூ போல்ட் (ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் போல்ட்) தளர்ந்து ஹவுசிங் கோணலாக உட்கார்ந்த வண்டி வாழ்நாள் முழுக்கக் கோணலாகவே இழுபடும். மூன்றாவது ஏர் ஃபில்டர். தார்ப்பாய் தொளதொளவென்று அடித்துக்கொள்ளாமல் இறுக்கிக் கட்டுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும் விதத்தில் பெரிய பணம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று வேகம். லோடோடு 60-ல் போகும் வண்டி 80-க்கு ஏறினால் எதிர்க்காற்று 115 கிலோவிலிருந்து 205 ஆகிறது. மொத்த இழுவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. காலி வண்டியில் இது இன்னும் மோசம். காலி வண்டி பத்து டன் என்றால் டயர் கேட்பது 60 கிலோ மட்டுமே. காற்று மாறுவதில்லை. ஆகவே 60-லிருந்து 80-க்குப் போனால் இழுவை பாதி அளவு கூடிவிடுகிறது. "எம்டிதானே" என்று புனேயிலிருந்து நாசிக்குக்குப் பறக்கும் அந்த ஓட்டம்தான் வேகத்துக்கு அதிக விலை கொடுக்கும் ஓட்டம். லோடுக்கு 60, காலிக்கு 65 என்று வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று பிரேக். 28 டன் வண்டியை 60-லிருந்து நிறுத்தி, திரும்ப 60-க்குக் கொண்டுவர டீசல் கால் லிட்டருக்கு மேல். இருபத்தைந்து ரூபாய். டோல்கேட்டில் கடைசி நிமிடம் வரை மிதித்துக்கொண்டு போய் அழுத்தி நிறுத்துகிறவருக்கும், அரைக் கிலோமீட்டர் முன்பே காலை எடுத்துக் கியரிலேயே உருண்டு போய், வரிசை நகர்ந்ததும் நிற்காமல் சேர்ந்துகொள்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒரு நடையில் டோல், ஊர், வேகத்தடை, முன்னால் போகும் டிராக்டர் என்று எத்தனை இடம் வருகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் மீட்டரில் பச்சைக்குள் முள் நிற்க வேண்டும், முடிந்த இடத்தில் மேல் கியர், ஏற்றத்தில் முக்க விடாமல் முன்னதாகவே ஒரு கியர் கீழே. இதெல்லாம் உங்கள் அண்ணனுக்குத் தெரியாததில்லை. டீ கடையில் எஞ்சினை ஓட விட்டு நிற்பதை மட்டும் விடச் சொல்லுங்கள்; பிரேக்குக்குக் காற்று ஏறச் சில நிமிடம் போதும்.

அவரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று கடிதத்தைப் படித்ததும் தோன்றியது. கிளீனர் சொன்னதை எடுத்துப் பேசாதீர்கள், அந்தப் பையனுக்கு அந்த வண்டியில் இடம் இருக்காது. "அண்ணா, இந்த வண்டிக்கு என்ன கோளாறுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுக்கணும்" என்று ஆரம்பியுங்கள். வண்டி மாற்றிப் பார்க்கும் சோதனையையும் அவர் கண்டுபிடிப்பாகவே நடக்க விடுங்கள். ஹப் சூடு, உள் டயர் காற்று எல்லாவற்றையும் அவரே அளந்து நோட்டில் எழுதட்டும். முப்பது வருடம் ஓட்டியவர் கையில் கேஜைக் கொடுத்தால் உங்களையும் என்னையும்விட நன்றாகப் பார்ப்பார். நியூட்ரல் விஷயத்தை மட்டும் பொதுவாக இரண்டு டிரைவரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். டீசல் மிச்சமாகவில்லை, எஞ்சின் குடிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். பயமுறுத்திச் சொல்வதைவிட இது அவருக்கு எட்டும்.

மிச்சத்தில் பங்கு கொடுங்கள். இன்றைய அளவைவிட மிச்சமாகும் டீசலில் பாதிப் பணம் டிரைவருக்கு, அதில் ஒரு பகுதி கிளீனருக்கு. மைலேஜ் குறைந்தால் பேட்டாவில் பிடிக்கக் கூடாது. எல்லா வண்டிக்கும் ஒரே மைலேஜ் எண்ணை வைத்து, தாண்டினால் பணம், குறைந்தால் பிடித்தம் என்று நடத்தும் முதலாளிகள் பலர். அந்தப் பிடித்தம்தான் டிரைவரைத் தொப்பூரில் நியூட்ரல் போட வைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே பங்கோடு ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொல்லுங்கள், இறக்கத்தில் நியூட்ரல் என்று தெரிந்தால் அந்த மாதப் பங்கு இல்லை என்று. வண்டியில் கம்பெனியே பொருத்திய கண்காணிப்பு வசதி இருந்தால், டாடாவில் ஃப்ளீட் எட்ஜ், லேலண்டில் ஐ அலர்ட் என்று வரும், வேகமும் சும்மா நின்ற நேரமும் போனிலேயே தெரியும். அதைத் திறந்து டிரைவரோடு சேர்ந்து பாருங்கள், முதுகுக்குப் பின்னால் பார்க்க வேண்டாம். உங்கள் பக்கமும் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். "நாளைக்குக் காலையில மார்க்கெட்ல இருக்கணும்" என்று போன் போட்டு அவசரப்படுத்திவிட்டு மைலேஜையும் கேட்பது நடக்காது.

நைட்ரஜன். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்தமான நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், ஈரம் இருக்காது, அவ்வளவே. இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து அடித்துவிட்டு, நைட்ரஜன்தானே என்று கேஜ் வைத்துப் பார்க்காமல் விடுவதைவிட, சாதாரணக் காற்றை ஒவ்வொரு நடைக்கும் பார்ப்பது மேல்.

வண்டி மாற்றி ஓட்டிய கணக்கு வந்ததும் எழுதுங்கள். இரண்டு வண்டியின் எடைச் சீட்டு, டீசல் லிட்டர், மேப் தூரம், பத்து டயரின் பட்டன் ஆழம், குளிர்ந்த நிலையில் காற்று அளவு இவை இருந்தால் எந்த நான்கு டயரை எப்போது வாங்கலாம் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அதுவரை கடைக்காரரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.